குறை தீர்க்கும் மனுவும் கொள்கை மாற்றும் மனுவும்

(அரூரில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது வட்டாரத்தில் மனு எழுதாத கிராமம் இல்லை. ஜமாபந்தி நடந்தாலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாள் நடந்தாலும், கிராம சபை கூடினாலும் மக்கள் கையில் தாளுடன் வருகின்றனர். அம்மனுக்களில் பெரும்பாலானவை ஒருவருடைய பட்டா, ஒரு மூதாட்டியின் ஓய்வூதியம், ஒரு தெருவின் விளக்கு ஆகியவற்றைப் பற்றியவை. அவற்றைத் தீர்த்து வைப்பது அலுவலர்களாகிய எமது கடமை, அதில் ஐயமில்லை.

ஆயினும், வேறொரு வகை மனுவும் உண்டு. ஒருவருக்கு நேர்ந்த குறையை மட்டும் அது சொல்வதில்லை. அக்குறை பலருக்கும் மீண்டும் மீண்டும் நேர்வதற்குக் காரணமான விதியையே மாற்றித் தருமாறு அது கேட்கிறது. அவ்விதியை மாற்றும் அதிகாரம் வட்டாட்சியருக்கு இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இல்லை. சட்டம் இயற்றும் சபையிடமும், அச்சபைக்குப் பொறுப்பான அரசிடமுமே அது உள்ளது. இந்த இரண்டாம் வகை மனுவைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறோம். முதல் வகை மனு ஒரு வீட்டின் துன்பத்தை நீக்கும். இரண்டாம் வகை மனு நாம் கண்ணால் காணாத ஆயிரம் வீடுகளின் துன்பத்தை நீக்க வல்லது.

பழைய வரலாறு ஒன்று

இத்தகைய மனுவின் ஆற்றலுக்குச் சான்று தேடி நாம் வெளிநாட்டிற்குச் செல்ல வேண்டியதில்லை. நமது மண்ணோடு தொடர்புடைய வரலாறே போதும்.

1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பிரதேசம் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு வந்தது. கர்னல் ரீடும் அவருடைய உதவியாளராகத் தருமபுரியில் தங்கியிருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் ஒவ்வொரு குடியானவரிடமும் நேராக வரி பெறும் முறையைத் தொடங்கினர். ரயத்துவாரி என்று பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய முறை அதுவே. இடைத்தரகர் இல்லை என்பது அம்முறையின் சிறப்பு. ஆனால், வரிச்சுமை மிகுதியாக இருந்தது. அதனினும் கொடியது ஒன்றும் உண்டு. வரி வசூலிக்கும் தாசில்தாரின் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்தது. வரி கேட்டு வருத்துபவரிடமே வருத்தத்தைப் பற்றி முறையிட வேண்டும் என்பது குடியானவரின் நிலை. விரல்களை மரக் கட்டைகளுக்கிடையே நெருக்கும் கிட்டியும், கழுத்தைக் கயிற்றால் தாழ்த்திக் கால் விரலோடு பிணைக்கும் அண்ணாந்தாளும் வரி வசூலிக்கும் கருவிகளாயின.

1852ஆம் ஆண்டில் சென்னையில் சென்னை சுதேசிகள் சங்கம் தோன்றியது. வணிகரும் பத்திரிகை நடத்தியவருமான கஜுலு லட்சுமிநரசு செட்டியார் அதன் உயிர்நாடியாக விளங்கினார். மறு ஆண்டு கும்பினியின் சாசனம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்ததால், அதற்கு முன்னரே பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு அச்சங்கம் ஒரு மகஜரை அனுப்பியது. நிலவரியின் சுமை, வசூல் முறையின் கொடுமை, நீதிமன்றங்களின் தாமதமும் செலவும், சாலைகளும் பாசனப் பணிகளும் கல்வியும் புறக்கணிக்கப்பட்ட நிலை ஆகிய அனைத்தையும் அம்மகஜர் எடுத்துரைத்தது.

உடனே பயன் கிடைத்ததா? இல்லை. 1853ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினியின் ஆட்சியை நீடிக்கவே செய்தது. ஆனால், சங்கத்தார் சோர்ந்து அமரவில்லை. அதே ஆண்டில் டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தபோது, லட்சுமிநரசு செட்டியார் அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவரின் நிலையை நேரில் காணச் செய்தார். சீமோர் தாயகம் திரும்பி, 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் இப்பொருளை எழுப்பினார். அதன் விளைவாகச் சித்திரவதைகளை விசாரிக்கும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழுவின் முன் 1,959 முறையீடுகள் வந்து சேர்ந்தன. வரி வசூலில் சித்திரவதை நடைபெற்றது உண்மையே என்று 1855ஆம் ஆண்டு அறிக்கை உரைத்தது. 1859ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்குத் தனிக் காவல் சட்டம் இயற்றப்பட்டு, காவல் பணி வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது.

அன்பர்களே, இதில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. அம்மனிதர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்கள் முறையிட்ட சபையோ கடல் கடந்து, நெடும் பயணத் தொலைவில் இருந்தது. அச்சபையில் அவர்களுடைய பிரதிநிதி ஒருவரும் இல்லை. அவ்வாறிருந்தும் அவர்கள் ஒரு தாசில்தாரை மாற்றும்படி மட்டும் கேட்டு நிற்கவில்லை. வசூல் முறையே தவறு என்று கூறினர். சான்றுகளைத் திரட்டினர், நேரில் காண்பித்தனர், முதல் மறுப்போடு நின்றுவிடாமல் தொடர்ந்தனர். ஒரு தாசில்தாரை மாற்றியிருந்தால் அடுத்த தாசில்தாரின் கையிலும் அதே கிட்டி இருந்திருக்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இன்று நமது நிலை வேறு. நம்முடைய வாக்கினால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் அமர்ந்திருக்கின்றனர். மத்திய அரசின் அதிகாரிக்கோ மாநில அரசின் அதிகாரிக்கோ, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதி அனுப்பும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் அளித்திருக்கிறது. ஆகவே, ஆங்கிலம் அறியாமை நமக்கு ஒரு தடையன்று.

ஆனால், கதவு தவறினால் நல்ல மனுவும் வீணாகும். விவசாயம், நிலம், குடிநீர், உள்ளாட்சி ஆகியவை மாநிலத்தின் பொறுப்பு. ரயில் பாதை மத்திய அரசின் பொறுப்பு. காடு இரண்டு அரசுகளுக்கும் பொதுவானது. பழங்குடிப் பட்டியலில் ஒரு சமூகத்தைச் சேர்ப்பதோ பாராளுமன்றத்தால் மட்டுமே இயலும். நரிக்குறவர் சமூகத்தாரின் வரலாற்றைப் பாருங்கள். அவர்களைப் பழங்குடியினராக ஏற்கலாம் என்று 1965ஆம் ஆண்டிலேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. எத்தனையோ மனுக்களுக்கும் வேண்டுகோள்களுக்கும் பின்னர், 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் மசோதாவை ஏற்றன. 2023 ஜனவரியில் அது சட்டமாயிற்று. ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! கேட்டவர்கள் இடையில் ஓய்ந்திருந்தால் இன்று அவர்களுடைய பிள்ளைகளின் கையில் அச்சான்றிதழ் இராது.

நமது சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒரு குழு உண்டு. அது மாவட்டங்களுக்கு வந்து மனுக்களை ஆராய்கிறது. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையைப் பற்றியும், ஒரே பொருளைப் பற்றியும், ஒரே துறையைச் சார்ந்தும் மனு இருக்க வேண்டும் என்று அக்குழு கேட்கிறது. தனி ஒருவரின் குறை, வேலை வேண்டுதல், கடன் வேண்டுதல், நீதிமன்றத்தில் உள்ள வழக்கு ஆகியவற்றை அது ஏற்பதில்லை. பொது நன்மைக்காகக் கேட்பவருக்கென்றே திறந்து வைத்துள்ள கதவு அது. அதை நமது ஊராட்சிகள் போதிய அளவில் பயன்படுத்த வேண்டும்.

மனுவில் இருக்க வேண்டியவை

இனி, எழுதும் முறைக்கு வருவோம். காட்டுப்பன்றித் தொல்லையை எடுத்துக்கொள்வோம். சித்தேரி மலையடிவாரத்தில் மரவள்ளியும் நிலக்கடலையும் பயிரிடுவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை, ஆவன செய்ய வேண்டுகிறோம்” என்று எழுதினால் துயரம் தெரியும். ஆனால் செய்ய வேண்டியது இன்னதென்று தெரியாது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு இதற்கென ஒரு முறையை வகுத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றிகளைச் சுடுதல் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்பது அதன் சாரம். இப்போது கவனியுங்கள். உங்கள் வயல் காட்டு எல்லையிலிருந்து எத்தனை தொலைவில் உள்ளது என்பதே முதன்மையான செய்தியாகி விட்டது. எல்லையை ஒட்டிய நிலம் உடையவருக்கு இம்முறையினால் பயன் குறைவு. ஆகவே, அவர் கேட்க வேண்டியது வேலியா, விரைவான இழப்பீடா, இழப்பீட்டுக் கணக்கில் மாற்றமா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவை மாநில அரசிடம் கேட்க வேண்டியவை. பன்றியைத் தீங்கு விலங்காக அறிவிக்க வேண்டும் என்று கேட்பதாயின், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது மத்திய அரசின் அதிகாரம். பாராளுமன்ற உறுப்பினரிடம் செல்ல வேண்டும்.

எனவே, மனுவில் ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும். நேர்ந்தது என்ன என்பது முதலாவது: புல எண், பயிர், பரப்பு, நாள், இழப்பு. எத்தனை குடும்பங்களுக்கு நேர்ந்தது என்பது இரண்டாவது. இப்போதுள்ள விதி எது, அது எங்கே பயன்படாமல் போகிறது என்பது மூன்றாவது. அவ்விதியை எவ்வாறு மாற்ற வேண்டும் என்பது நான்காவது. அம்மாற்றத்தால் வேறு யாருக்கேனும் இடையூறு வருமா, வந்தால் அதற்கு வழி என்ன என்பது ஐந்தாவது. இந்த ஐந்தாவதை நாமே எழுதி விட்டால், மறுப்பவரின் முதற்காரணம் இல்லாமற் போகும்.

அளந்து சொல்வதன் பெருமைக்கு நமது மாவட்டமே சான்று. நீரைக் குடித்தவர் பல்லில் பழுப்பேறியதும் எலும்பு வளைந்ததும் தலைமுறையாக நாம் கண்ட துன்பம். அது தலைவிதி என்று கருதப்பட்ட காலமும் உண்டு. நீரை எடுத்துச் சோதித்து, ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்புக்கு மேல் புளோரைடு உள்ளது என்று காட்டிய பின்னரே, அது விதியன்று, கிணற்றின் குணம் என்பது தெளிவாயிற்று. நெடுநாள் கோரிக்கைக்குப் பின் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பானியக் கடனுதவியுடன் பணிகள் நடந்து, 2013ஆம் ஆண்டில் அது செயலுக்கு வந்தது. துன்பம் எண்ணாக மாறியபோதுதான் திட்டமாகவும் மாறியது.

கிராம சபையும் தொடர்பணியும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மனுவின் பிறப்பிடம் அதுவாக இருக்கட்டும். பொருளை முன்னரே அறிவித்து, சபையில் உரக்கப் படித்து, மாற்றுக் கருத்தையும் கேட்டு, தீர்மானமாக எழுதுங்கள். படித்துக் காட்டாத தாளில் வாங்கிய நூறு கையொப்பங்களைவிட, விவாதித்து இட்ட இருபது கையொப்பங்கள் வலிமை மிக்கவை. விசாரணைக்கு வருபவரிடம் அவ்விருபது பேரும் ஒன்றே போல் சொல்வார்கள்.

தீர்மான நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் உரிய துறைக்கும் அனுப்பி, ஒப்புகையைப் பெற்று, ஊராட்சியில் ஒரு கோப்பில் வையுங்கள். மறு சபையில் அதன் நிலையைப் படியுங்கள். விடை வராவிடில், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். மறுப்பு வந்தால் அதன் காரணத்தைப் படித்து, அக்காரணத்திற்கு விடை கூறும் மனுவை எழுதுங்கள். பழைய மனுவையே மீண்டும் அனுப்புவதால் பயனில்லை.

யாருடைய குரல் விடுபடுகிறது?

முடிவாக ஒன்று சொல்ல வேண்டும். 1852ஆம் ஆண்டு மகஜரை எழுதியவர்கள் பட்டணத்தில் வாழ்ந்த செல்வர்களும் கற்றவர்களும் ஆவர். கிட்டியில் விரல் நசுங்கியவர் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர். கற்றவர் தம் குறையோடு நின்றுவிடாமல் கல்லாதவரின் துன்பத்தையும் எழுதினார். அதனாலேயே அது வரலாறாயிற்று.

நமது ஊர்களிலும் மனு எழுதுபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். நிலமுடையவர், படித்தவர், பேசத் தெரிந்தவர். நிலமற்ற கூலித் தொழிலாளியும், குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணும், மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவரும் கிராம சபையின் கடைசி வரிசையில் நிற்கின்றனர். அல்லது வருவதே இல்லை. வலியவர்கள் மட்டும் கூடிக் கேட்கும் கொள்கை, எளியவருக்குப் பாதகமாகவும் முடியக்கூடும். அடுத்த சபையில் ஊர்ப் பொது மனு ஒன்றை எழுதுமுன், “இதில் இதுவரை பேசாதவர் யார்?” என்று தலைவர் ஒரு முறை கேட்கட்டும். அவர் சொல்வதையும் மனுவில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

விதிகளை அறிந்து சொல்வதற்கும், கணக்குகளை எடுத்துத் தருவதற்கும், உரிய முகவரியைக் காட்டுவதற்கும் எமது அலுவலகம் உங்களுக்குத் துணை நிற்கும். மனுவின் பொருளை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களே. அந்த முடிவு உங்கள் சபையில் பிறந்து, உங்கள் பிரதிநிதியின் வாயிலாகச் சட்டமன்றத்தில் ஒலிக்கட்டும்.