ஆறு கிரெடிட் எங்கே போச்சு? வெளிநாட்டில் வேளாண்மை படிக்கப் போகிறவர்களுக்கு

போன பகுதியைக் கேட்டுவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. அட்மிஷன் கிடைச்சாச்சு, விசாவும் வந்தாச்சு. எந்தப் பாடத்தை எடுக்கிறது, இங்கே படிச்சது அங்கே கணக்கில் வருமா, அங்கே படிச்சது திரும்பி வந்தா செல்லுமான்னு. இன்றைக்கு அது மட்டும்தான்.

முதலில் கிரெடிட் என்கிற அளவுகோல். நம்ம ஊர் வேளாண் கல்லூரியில் படித்தவர்களுக்குப் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் 2+1 என்று போட்டிருப்பது பழக்கம். இரண்டு தியரி, ஒரு பிராக்டிகல். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் லேப் அல்லது வயல் என்பதுதான் அதற்கு அடிப்படை. ஐரோப்பாவில் ஈ.சி.டி.எஸ். என்று வேறு முறை. அங்கே வகுப்பு நேரத்தோடு, நீங்க அறையில் உட்கார்ந்து படிப்பது, அறிக்கை எழுதுவது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நெதர்லாந்தில் 28. ஆக, ஆறு கிரெடிட் பாடம் என்றால் 168 மணி நேரம். ஒரு முழு வருடத்துக்கு 60 கிரெடிட்.

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் செமஸ்டர் கிரெடிட். ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் குவார்ட்டர் முறை. அங்கே மூன்று கிரெடிட் என்பது செமஸ்டர் கணக்கில் இரண்டுதான். அதனால் எண்ணுக்கு எண் வைத்து ஒப்பிடாதீங்க. அந்தப் பாடம் ஒரு வருட முழுச் சுமையில் எத்தனை பங்கு என்று பாருங்க. அங்கே இருக்கிற அதிகாரியும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்ப்பார்.

நம்ம பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற ஒரு இடம் உண்டு. இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்கிச் செய்கிற ராவே. மதிப்பெண் பட்டியலில் அது 0+20 என்று இருக்கும். ஒரே பாடத்துக்கு இருபது கிரெடிட், தியரி சுழியம் என்றால் வெளிநாட்டில் மதிப்பிடுகிறவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை வாரம், எந்த விவசாயியோடு, என்ன வேலை, எப்படி மதிப்பிட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, கல்லூரி முத்திரையோடு கையில் வைத்துக்கொள்ளுங்க. எல்லாப் பாடத்துக்கும் சிலபஸ் நகலையும் படிக்கிறபோதே வாங்கி வைத்துவிடுங்க. ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் பாடத்திட்டமே மாறியிருக்கும்.

மதிப்பெண்ணிலும் ஒரு குழப்பம். நமக்கும் பத்துக்கு, நெதர்லாந்திலும் பத்துக்கு. இங்கே எட்டு சாதாரணம். அங்கே எட்டு வாங்கினால் பேராசிரியர் கைகுலுக்குவார். ஒன்பது அபூர்வம், பத்து என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. முதல் பரீட்சையில் ஏழு வந்ததும் அழுது வீட்டுக்கு போன் பண்ணினவர்களை எனக்குத் தெரியும். அவசியமே இல்லை.

சரி, பாடம் தேர்ந்தெடுப்பது. என் கருத்தைச் சொல்கிறேன், நீங்க மறுக்கலாம். பயிரின் பெயரில் இருக்கிற பாடத்தை விட முறையைச் சொல்லித்தருகிற பாடத்தை எடுங்க. புள்ளியியல், மண் இயற்பியல், பயிர்ப் பெருக்கம், பயிர் மாடலிங். சர்க்கரைக் கிழங்கு பற்றிக் கற்றதைத் தஞ்சாவூரில் வைத்து என்ன செய்வது? சோதனை வயலைப் பிரித்து அமைக்கத் தெரிந்தால் நெல்லுக்கும் ஆகும். அதே சமயம் பருவத்தையும் பாருங்க. ஐரோப்பாவில் செப்டம்பரில் சேர்கிறவர் வயலில் பயிரைப் பார்க்க அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜூலையில் சேர்ந்தால் அங்கே கோதுமை வயலில் நின்றுகொண்டிருக்கும். வயல் வேலை உள்ள பாடத்தை இதை வைத்துத்தான் அடுக்கணும்.

நேர அட்டவணையும் முக்கியம். வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் வருடத்தை ஆறு சிறு பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பல பாடங்களுக்குக் காலை, மதியம் என்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஒரே பருவத்தில் இரண்டு காலைப் பாடம் எடுக்க முடியாது. ஆசைப்பட்ட பாடத்துக்கு முன்பாடம் ஒன்று இருந்தால், அது எந்தப் பருவத்தில் வருகிறது என்று பார்க்காமல் விட்டால் ஒரு வருடம் போய்விடும்.

இனி என் கதை. முதுநிலையில் ஒரு செமஸ்டர் வேறு நாட்டில் படிக்கப் போனேன். கிளம்புமுன் லேர்னிங் அக்ரிமென்ட் என்கிற ஒப்பந்தத்தில் முப்பது கிரெடிட்டுக்குப் பாடங்களை எழுதி மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டாச்சு. போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மண்ணியல் பாடம் ஆள் போதாமல் ரத்து. வேறொன்றை எடுத்துக்கொள் என்றார் அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர். எடுத்தேன், பாஸும் ஆனேன். ஒப்பந்தத்தைத் திருத்தவில்லை. ஊர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில்கூடப் போடவில்லை. திரும்பி வந்ததும் தேர்வுக் குழு சொன்னது, "இந்தப் பாடத்தில் பாதி நீ முதல் ஆண்டில் ஏற்கெனவே படித்ததுதான். இதை ஏற்க முடியாது." ஆறு கிரெடிட் காற்றோடு போச்சு.

ஆறுதானே என்று நினைக்காதீங்க. அது இல்லாமல் தீசிஸைப் பதிவு செய்ய முடியவில்லை. உதவித்தொகை 24 மாதத்தோடு முடிந்தது. மீதிச் செலவுக்கு ஏற்கெனவே கல்விக் கடன். படிப்புக் காலம் முடிந்து ஒரு வருடத்தில் தவணை ஆரம்பம், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காலம் நீள்கிறது என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்கி அப்பா வங்கிக்கு அலைந்தார். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "பையன் ஃபெயிலா சார்?" அப்பாவுக்கு விளக்கத் தெரியவில்லை. எனக்கும் போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவர் இதுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

மாற்றம் வந்த அன்றே மெயில் போட்டு, புதுப் பாடத்தின் சிலபஸை இணைத்து, இரண்டு பக்கமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தால் இது நடந்தே இருக்காது. வாய்வார்த்தையாகச் சொன்னவர் நல்லவர்தான். ஆனால் குழுவில் அவர் இல்லை.

அமெரிக்கா போகிறவர்கள் ஒன்றைக் கவனிங்க. முதுநிலைக்குப் பல இடங்களில் ஆறிலிருந்து ஒன்பது கிரெடிட் வரைதான் வெளியிலிருந்து மாற்றிக்கொள்ள விடுவார்கள். அதுவும் ‘பி’ கிரேடுக்குக் குறையக்கூடாது. ஏற்கெனவே ஒரு பட்டத்துக்குக் கணக்கில் எடுத்த கிரெடிட்டைப் பொதுவாக இன்னொரு முதுநிலைப் பட்டத்துக்கு ஏற்க மாட்டார்கள். இளநிலையில் படிக்கிறவர்கள், விசா நிபந்தனைப்படி செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்கணும். கஷ்டமாக இருக்கிறதே என்று பாதியில் ஒரு பாடத்தை விடுவதற்கு முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.

ஊருக்குத் திரும்பி விஞ்ஞானி வேலைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு இன்னொன்று. ஏ.ஆர்.எஸ். தேர்வு எழுத அந்தந்தத் துறையில் பட்டம் வேணும். உங்க பட்டத்தில் ‘தாவர அறிவியல்’ என்று பொதுவாக இருந்தால், நீங்க உழவியலா, பயிர் மரபியலா என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லப்போவது நீங்க எடுத்த பாடங்களும் தீசிஸ் தலைப்பும்தான். விருப்பப் பாடங்களை நாலு திசையில் சிதறவிடாமல் ஒரு துறைப் பக்கம் சாய்த்து எடுங்க.

சிலபஸ் நகல் வாங்குவதற்குக் கல்லூரிக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கீங்க. அதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.