அடியின் முடிவும் ஓதலின் நிறுத்தமும்



நாலடியார் ஓதும் பிள்ளைகள் ஒவ்வோர் அடியின் இறுதியிலும் முற்றுப்புள்ளி கண்டாற்போல் நின்றுவிடுகின்றனர். அச்சு முறிந்த இடத்தில் நாவும் முறிகிறது. ஓலைச்சுவடியிலோ அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. பாடல் உரைநடைபோல் தொடர்ந்தோடும். அடி முடியும் இடத்தை எதுகையும் மோனையும் செவிக்கு உணர்த்தின.

வெண்பாவில் அடியின் முடிவு முழு நிறுத்தம் அன்று. ஓரடியின் இறுதிச் சீருக்கும் அடுத்த அடியின் முதற்சீருக்கும் இடையிலும் வெண்டளை பிழையாது வருதல் வேண்டும். ஆங்கே மூச்சு சற்றே தாழலாம், அறுதல் ஆகாது. அறுந்தால் செப்பலோசை கெடும். சீவகசிந்தாமணியின் விருத்தம் வேறு. அதன் அளவொத்த நான்கடிகளும் தத்தம் முடிவில் இளைப்பாற இடந்தருவன.

நேரிசை வெண்பாவின் தனிச்சொல் இன்னும் நுட்பமானது. இரண்டாம் அடியின் இறுதியில், சிறு கோட்டின்பின் அது நிற்கும். எதுகையால் முன்னடிகளுக்கு உறவு. பொருளாலோ பெரும்பாலும் பின்னடிக்கு உறவு. அதற்குமுன் சிறிதே நின்று, பின் நில்லாது செல்வதே நல்லோதல்.

ஈற்றடி மூன்று சீர்களே உடைய சிந்தடி. நான்கு சீர் கேட்டுப் பழகிய செவி நான்காவதை எதிர்நோக்கும், வருவது மௌனம். அம்மௌனமும் பாட்டின் உறுப்பே. இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாகவே முடியும். காசு, பிறப்பு என்பவற்றின் ஈற்றிலுள்ள குற்றியலுகரத்திற்கு அரை மாத்திரையே அளவு. அதனை நீட்டி முழக்கி, உடனே அடுத்த பாடலைத் தொடங்கினால் பாட்டு முடிந்ததாகவே தோன்றாது. போட்டிகளில் விரைவுக்குப் பரிசளிப்போர் இதனை எண்ணுதல் நன்று.

இவ்விலக்கணத்தை யாப்பருங்கலத்திலும் காரிகையிலும் வகுத்தவர் சமண முனிவர் அமிதசாகரர். காரிகைக்கு உரை கண்ட குணசாகரரும் சமணரே. நாலடியாரின் 400 வெண்பாக்களும் சமண முனிவர் வாய்மொழி என்பது மரபு. ஆயினும் வாலாஜாபாத்தைச் சூழ்ந்த ஊர்களில், ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளின் பணிமுறைக்கேற்ப உறங்கி எழும் இல்லங்களில், பாட்டியும் பேரனும் ஒருங்கே அமரும் வேளை அரிதாயிற்று. நூல் அலமாரியில் இருக்கிறது. நிறுத்தமோ பாட்டியின் குரலில் மட்டுமே இருக்கிறது.

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில், விசயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சங்கீத மண்டபம் உள்ளது. அடுத்த முறை வழிபாட்டுக்குச் செல்லும் குடும்பத்தார் அங்கே சற்று அமரட்டும். மூத்தவர் ஒரே ஒரு வெண்பாவை ஓதட்டும். பிள்ளை ஏட்டைப் பாராமல் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும்.