ஈரல் வியாதியும் தலைவிதியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு வியாதியைப் பற்றிய விஷயமாகும். சுயமரியாதைக்காரர்களுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மனிதனுடைய ஈரலைக் கிருமி ஒரு பக்கம் அரிக்க, அவன் அறிவைத் தலைவிதி என்கின்ற எண்ணம் மற்றொரு பக்கம் அரிக்குமானால், அதைப் பற்றிப் பேசுவது நம் வேலையல்லாமல் வேறு யாருடைய வேலை என்று கேட்கின்றோம்.

சங்கதி என்னவென்றால், எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்களில் பலருக்கு ஹெபடைடிஸ் சி என்னும் ஈரல் கிருமியும் சேர்ந்திருக்கின்றது. ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவதாலும், சோதிக்காத இரத்தத்தை ஏற்றுவதாலும் இரண்டுமே பரவும். உலகத்தில் சுமார் 23 லட்சம் பேருக்கு இவ்விரண்டும் சேர்ந்திருப்பதாக 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. நம் நாட்டில், மணிப்பூரில் ஊசி வழியாகப் போதை மருந்து ஏற்றிக்கொள்வோரிடையே இது அதிகம்.

ஹெபடைடிஸ் சி கிருமி 1989-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது பெருகும் இடம் ஈரல். ஒரு நோயாளியிடம் நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி கிருமிகள் உண்டாவதாக 1998-ல் கணக்கிட்டார்கள். இது தொற்றிய 100 பேரில் சுமார் 30 பேருடைய உடம்பு ஆறு மாதத்திற்குள் தானாகவே அதை விரட்டிவிடும். எச்.ஐ.வி.யோ, அப்படி விரட்டும் காவற்படையாகிய வெள்ளணுக்களையே அழிக்கின்றது. ஆகவே அதுவும் உள்ளவர்களிடம் ஹெபடைடிஸ் சி கிருமியின் அளவு பொதுவாக அதிகம். ஈரல் தழும்பேறிச் சுருங்கும் அபாயமும் சுமார் இரு மடங்கு.

ஆனால் கிருமியின் அளவு வேறு, ஈரலின் கேடு வேறு. அளவு குறைவாயிருப்பவருக்கும் ஈரல் கெட்டிருக்கலாம். ஆகையால் இரத்தத்தில் கிருமியையும், ஸ்கேன் முதலியவற்றால் ஈரலையும் தனித்தனியே பரீட்சை செய்யவேண்டும்.

நிற்க. காமாலைக்கு மந்திரித்துக் குணமாக்கினோம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கின்றார்கள். ஹெபடைடிஸ் ஏ என்னும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தீர்ந்துவிடுவது. தானாகத் தீர்ந்ததை மந்திரத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுகிறார்கள். ஹெபடைடிஸ் சி கிருமியோ 20, 30 வருஷம் கண்ணில் மஞ்சளே காட்டாமல் உள்ளே இருந்து வேலை செய்யும். மந்திரிப்பவர் எதைப் பார்த்து மந்திரிப்பார்?

இனி, பகுத்தறிவு என்ன செய்தது என்று பாருங்கள். எச்.ஐ.வி. மனித அணுவின் மரபுப் பொருளிலேயே தன்னை நுழைத்துக்கொள்ளுவதால் அதை மருந்தால் அடக்கி வைக்கலாமே ஒழிய, அடியோடு போக்க முடிவதில்லை. ஹெபடைடிஸ் சி அப்படி நுழைவதில்லை. ஆகவே அதை அடியோடு போக்கலாம். 2013-ல் அமெரிக்காவில் சோபோஸ்புவிர் என்னும் மாத்திரை அனுமதி பெற்றது. இவ்வகை மாத்திரைகளைச் சேர்த்து 12 வாரம் சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்குமேல் குணமாகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அப்படியே. அப்போது அங்கு அந்த மாத்திரை ஒன்றின் விலை 1,000 டாலராயிருந்தது! இதுவல்லவோ முதலாளி தர்மம்! பின்னர் இந்தியக் கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து விலை விழுந்தது. 2018-ல் இந்திய சர்க்கார் இதற்கென்று ஒரு திட்டம் ஆரம்பித்து, பரீட்சையும் மருந்தும் இலவசமாகக் கொடுக்க முற்பட்டது.

அப்படியிருந்தும் இது தெரியாமலே பலர் ஏன் சாகவேண்டும்? வெட்கத்தால்தான் என்கின்றோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் 1986-ல் நம் சென்னையில் கண்டறியப்பட்டது. அன்றுமுதல் அதைப் பாபத்தின் கூலி என்றார்கள். தொட்டால் ஒட்டாத வியாதிக்குப் புதியதொரு தீண்டாமையை உண்டாக்கினார்கள். 2017-ல் இந்த வேற்றுமையைத் தடுக்கச் சட்டமே செய்யவேண்டியதாயிற்று. பாபி என்ற பெயருக்குப் பயந்து ஒரு வியாதியை மறைக்கிறவன், குணமாகக்கூடிய மற்றொரு வியாதியையும் சேர்த்து மறைத்துக்கொள்ளுகிறான். முடிவில் அவனைக் கொல்லுவது கிருமியா, பாபம் என்ற சொல்லா?

ஆகையால் தோழர்களே! கிருமி எவ்வழி வந்தாலும் கிருமியே. எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஹெபடைடிஸ் சி பரீட்சையைக் கேட்டு வாங்குங்கள். சாப்பிடும் மருந்துகளை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மதுவை விடுங்கள். குணமானபின்னும் மறுபடி தொற்றக்கூடும் என்பதை மறவாதீர்கள். மற்றவர்கள், அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். தலைவிதியை நம்பி ஈரலைப் பறிகொடுக்காதீர்கள் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.