வெங்காயத்தைப் பாதுகாப்போம், வீண்விரயத்தைத் தவிர்ப்போம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாய்மார்களே, சகோதரிகளே!

சென்ற ரமளானுக்கு முன் நம் மஹல்லாவில் வழங்கிய மளிகைப் பையைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அரிசி, பருப்பு, எண்ணெயோடு வீட்டுக்கு 3 கிலோ வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைத்தோம். இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அறையின் மூலையில் அடுக்கினோம். கொடுத்து முடிக்க 4 நாள் ஆகிவிட்டது.

வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. பெருநாள் கழிந்து ஒரு பெரியம்மா மட்டும், "வெங்காயத்துல பாதியை அன்னைக்கே கொட்டிட்டேன்மா. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல" என்றார். எங்களுக்குத் தலைகுனிவாகிவிட்டது. கடையில் வாங்கிய சரக்கு நல்ல சரக்குதான்; கெடுத்தது நாங்கள். அல்லாஹ்வுக்காக ஒருவர் கொடுத்த ஸதகா குப்பைக்குப் போய்விட்டது. அதன் பிறகு கேட்டும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

காற்றுதான் முக்கியம்

அறுவடை செய்த பிறகும் வெங்காயத்துக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, ஈரத்தை வெளியே விடுகிறது. கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் அந்த ஈரம் வியர்வைபோல் துளிக்கும். பூசணமும் அழுகலும் அங்கேதான் தொடங்கும். பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிகள் சின்ன வெங்காயத்தைத் தரையில் குவித்து மூடிவைப்பதில்லை. தரையிலிருந்து உயர்த்திக் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு, மாதக்கணக்கில் காப்பாற்றுகிறார்கள். நம் வீட்டிலும் அதே முறைதான். மூங்கில் கூடை, வலைப்பை, துளையுள்ள தட்டு, எதுவானாலும் சரி. வெயிலும் ஈரமும் படாத இடத்தில், தரையைவிட்டு உயரமாக வையுங்கள். அடுப்புக்கு மேலேயும் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

உருளைக்கிழங்கைத் தனியே வையுங்கள். அதிலிருந்து வரும் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும். முழு வெங்காயத்தை ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். அங்குள்ள ஈரக் குளிரில் அது மெத்தென்று ஆகி முளைவிடும். உரித்தது, நறுக்கியது மட்டும் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். அதையும் மூன்று, நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

வாங்கும்போதே பாருங்கள்

தோல் காய்ந்து சலசலக்க வேண்டும்; கழுத்து ஒட்டி உலர்ந்திருக்க வேண்டும். கழுத்துப் பச்சையாக, தடித்து இருந்தால் நாள்பட நிற்காது. கோடையின் தொடக்கத்தில் அறுவடையாகி நன்றாகக் காய்ந்து வரும் பெரிய வெங்காயம் மாதக்கணக்கில் தாங்கும். மழைக்காலத்தில் வரும் புதுச் சரக்கில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் "மலிவாகக் கிடைக்கிறதே" என்று மூட்டையாக வாங்காமல், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே லாபம்.

எதை வைக்கலாம், எதை எறியலாம்?

முளைவிட்டது: கெட்டதல்ல. காய் கெட்டியாக இருந்தால் முளையையும் சேர்த்தே சமைக்கலாம். ஆனால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு மட்டும் வேறு. அதில் நச்சு சேர்ந்திருக்கும்.

மேல்தோலில் கரித்தூள் போன்ற கறுப்பு: இது பூசணம். வெளி அடுக்குகளோடு நின்றிருந்தால், அவற்றை உரித்துக் கழுவி, உள்ளே கெட்டியாகவும் சுத்தமாகவும் இருப்பதைப் பயன்படுத்தலாம். கறுப்பு உள்ளே இறங்கியிருந்தால் எறியுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்கள் அதை உரிக்க வேண்டாம். தூள் மூக்கில் ஏறும்.

கழுத்தை அழுத்தினால் அமுங்குவது: வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அழுகல் தொடங்கியிருக்கும். வெட்டிப் பாருங்கள். உள் அடுக்கு பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் வேண்டாம்.

நீர் கசிந்து நாறுவது: யோசிக்காமல் எறியுங்கள். அதைத் தொட்டுக்கொண்டிருந்த மற்றவற்றைத் துடைத்து உலர்த்துங்கள். ஒன்றின் கசிவு கூடை முழுவதையும் கெடுத்துவிடும். வாரம் ஒருமுறை, ஜும்ஆ அன்று காலை என்றே வைத்துக்கொள்ளுங்களேன், கூடையை முறத்தில் கொட்டிப் பொறுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

சகோதரிகளே, வீண்விரயம் என்றதும் பெரிய விருந்துகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சமையலறை மூலையில் அழுகும் இரண்டு வெங்காயமும் அதில் சேர்ந்ததுதான்.

வரும் ரமளானில், இன்ஷா அல்லாஹ், வெங்காயத்தை வலைப்பையில் தனியாகக் கட்டி, வாங்கிய அன்றே உங்கள் கையில் சேர்ப்போம். அதிலும் கெட்டது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். எங்கள் மனம் சங்கடப்படுமே என்று நீங்கள் மறைத்தால், அடுத்த வீட்டுக்கும் அதே பைதான் போகும்.

வஸ்ஸலாம்.