பீடத்து விளக்கின் சிவப்புக் கண்ணாடி
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நற்கருணைப் பேழைக்கு முன் தொங்கும் விளக்கின் பழைய கண்ணாடி விரிசல் விட்டது உங்களுக்குத் தெரியும். ஜூபிலிக்குள் புதிது வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, பிளாஸ்டிக் கூண்டும் மின்சார பல்பும் போதும் என்றனர் சிலர். பேழை முன் தனி விளக்கொன்று எப்போதும் எரிய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 940-ஆம் விதி அதைச் சொல்கிறது. நிறம் சிவப்பாக இருக்க வேண்டும் என்று அங்கே இல்லை. ஆனாலும் தாய்மார்கள் விடவில்லை. சிவப்புக் கண்ணாடிதான், எண்ணெய் விளக்குதான் என்றார்கள். அந்த வழக்கில் அவர்களே வென்றார்கள்.

அந்தச் சமயம் நம்மில் ஒன்பது பேர் வடநாட்டு யாத்திரை புறப்பட்டோம். ஆக்ராவில், அக்பர் காலத்தில் சேசு சபைக் குருக்கள் எழுப்பிய கோவிலைத் தரிசித்துவிட்டு, அருகிலுள்ள ஃபிரோசாபாத் நகரத்துக்குப் போனோம். நம் பெண்கள் கைநிறையப் போடும் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி அந்த ஊரில் பிறந்தவையே. ஊருக்குள் நுழையும்போதே, வைக்கோல் பாரம்போல வளையல் கட்டுகளை ஏற்றிய வண்டிகள் எதிரே வந்தன.

பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். உள்ளே கால் வைத்ததும் சித்திரை வெயிலே குளிர்ச்சி என்று தோன்றிவிட்டது. மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு எல்லாம் ஏறக்குறைய 1,400 பாகை சூட்டில் உருகிக் கிடக்கின்றன. வேலையை நடத்தியவர் வயது முதிர்ந்த ஒரு முகமதியப் பெரியவர். எல்லாரும் உஸ்தாத் என்றே அழைத்தனர். பட்டாளத்தில் இருந்து வந்த நம் பங்குக்காரர் ஒருவர் இந்தியில் பேசிக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக்கு எழுந்தருளும்போது தர்காவில் முகமதியர்கள் வரவேற்பார்கள் என்று அவர் சொன்னதும், பெரியவர் எங்களுக்கு உட்காரப் பலகை போடச் சொன்னார். அதற்கு முன்பே நாங்கள் விலையில் நன்றாகப் பேரம் பேசி முடித்திருந்தோம். அதைப் பிறகு சொல்கிறோம்.

ஓர் இளைஞன் நீண்ட இரும்புக் குழலை உலைக்குள் விட்டுச் சுழற்றி, தேன்கூட்டில் தேன் எடுப்பதுபோல் பிழம்பை எடுத்து வந்தான். உஸ்தாத் அதை இரும்புப் பலகையில் உருட்டினார். குழலில் வாய் வைத்து மெதுவாக ஓர் ஊது; உள்ளே எலுமிச்சை விதையளவு காற்று. மறுபடி உலை, மறுபடி பிழம்பு, மறுபடி ஊது. கை மட்டும் ஒரு நொடியும் நிற்கவில்லை. சுழற்சி நின்றால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். நம் பட்டாளத்துக்காரரும் ஒரு குழலை வாங்கி முகம் சிவக்க ஊதிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

எங்களுக்கு ஒரு கவலை. கண்ணாடி மஞ்சளாக இருந்தது. ஏமாந்தோமோ என்று ஒருவர் காதில் கிசுகிசுத்தார். அடியில் வேறொரு கம்பியை ஒட்டி, ஊதிய குழலைத் தட்டிக் கழற்றி, வாய்ப்பக்கத்தை மறுபடி அனலில் காட்டினார் உஸ்தாத். அங்கே மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. செலினியமும் காட்மியமும் சேர்த்த கண்ணாடிக்கு இதுவே குணமாம்; இரண்டாம் முறை சூடு கண்டால்தான் அதன் நிறம் வெளிப்படும். நம்முள் பெண்கள் இருவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டனர்.

குவளை உருவாகிவிட்டது. நாங்கள் கை தட்டினோம். உஸ்தாத் அதை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உடைசல் குவியலில் போட்டார். சில்லென்று நொறுங்கியது. உருகாத மணற்பொடி ஒன்று உள்ளே கல்லாக நின்றுவிட்டதாம். எங்கள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. இதையே எடுத்துக்கொண்டிருப்போமே என்று கெஞ்சினோம். "இரவும் பகலும் எரிகிற விளக்கு என்றீர்களே. கல் இருக்கும் இடத்தில் ஒருநாள் வெடிக்கும்" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

பிறகுதான் அந்த இளைஞன் சொன்னான்: தேறிய உருப்படிக்கு மட்டுமே கூலி; உடைத்ததற்கு ஒன்றும் இல்லை. அதாவது எங்கள் விளக்குக்காக அவர் தம் கூலியைத் தாமே உடைத்துப் போட்டார். பேரம் பேசிய எங்களுக்கு முகம் காட்ட முடியவில்லை. உடைந்த குவளைக்கும் சேர்த்துப் பணம் நீட்டினோம். வேண்டாம் என்று பெருமை பேசவில்லை அவர். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது குவளை தேறியது. உடனே கையில் தரவில்லை. ஆறவைக்கும் சூளையில் இரவெல்லாம் மெல்ல ஆற வேண்டும். அவசரப்பட்டால் தானே வெடித்துவிடும். அன்றிரவு தங்கினோம். மாலையில் சந்துகளில் நடந்தபோது வீட்டுத் திண்ணைகளில் வளையல் ஒட்டுவதைக் கண்டோம். சுருளாக இழுத்து அறுத்த வளையம் வாய் பிளந்திருக்கும். அதன் இரு முனைகளையும் சிறு தீச்சுடரில் காட்டி ஒட்டுகிறார்கள். 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் குழந்தைத் தொழிலாளர் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது, நம் சிவகாசித் தீப்பெட்டியோடு ஃபிரோசாபாத் கண்ணாடியையும் பெயர் சொல்லிக் குறித்தது. அதே மாதம் 30-ஆம் தேதி, தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்க, நிலக்கரி உலைகளுக்கு இயற்கை எரிவாயுவைக் காட்டியது. இரண்டு வழக்குகளையும் தொடுத்தவர் எம்.சி. மேத்தா என்ற ஒரே வழக்கறிஞர். உலையில் சிறுவர் எவரையும் நாங்கள் காணவில்லை. திண்ணைச் சுடர் முன்னே ஒரு சிறுமியைக் கண்டோம். பள்ளி விட்டு வந்து தாய்க்கு உதவுகிறாள் என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் எங்களோடு வந்த ஆசிரியை அன்று வளையல் வாங்கவில்லை.

குழலால் ஊதும் இந்தக் கலை, நம் ஆண்டவர் பிறப்பதற்குச் சற்று முந்திய காலத்தில், அவர் பிறந்த நாட்டுப் பக்கமே தோன்றியது என்பர். எருசலேமில் தோண்டியபோது அக்காலத்துப் பட்டறைக் கழிவு கிடைத்திருக்கிறது. நம் பக்கமும் சளைத்ததன்று. கடலூருக்கு வடக்கே அரிக்கமேட்டில், கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கி மணி செய்து கடல் கடந்து விற்றிருக்கிறார்கள்.

மறுநாள் காலை உஸ்தாத் இரண்டு குவளைகளைக் கொடுத்தார். நாங்கள் சென்றபின் மற்றொன்றும் ஊதியிருக்கிறார். "ஒன்று எரிய, ஒன்று உடைய" என்றார். அதற்குரிய விலையைப் பேரமின்றிக் கொடுத்தோம். வைக்கோலில் சுற்றி, ரயிலில் மாறி மாறி மடியில் வைத்து, விருத்தாசலம் வரை கொண்டுவந்து சேர்த்தோம். ஒன்று இப்போது பீடத்தில் எரிகிறது. மற்றொன்று பீடத்துக்குப் பின்னறை அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. பீடச் சிறுவர்கள் அந்தத் தட்டில் பந்தை ஒளித்து வைக்க வேண்டாம் என்று கோயில்பிள்ளை கேட்டுக்கொள்ளச் சொன்னார்.