அமைச்சுக்களைக் குறைத்தாற் போதுமா?

(வெள்ளவத்தைக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவர், கொழும்புக் கந்தோரொன்று அனுப்பிய கடிதத்துடன் என்னிடம் வந்தார். கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. "ஐயா, காணி கிடைக்குமோ?" என்று கேட்டார். விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. மேன்முறையீட்டுத் தவணையும் முந்திய வாரமே கடந்துவிட்டது. அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடியதிலேயே நாட்கள் கழிந்துவிட்டன.

தமிழும் அரசகரும மொழியென 1987இல் 13ஆவது திருத்தம் கூறிற்று. தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் 1988இல் 16ஆவது திருத்தம் உரிமை தந்தது. உரிமை ஏட்டில் இருக்கிறது. மொழிபெயர்க்கும் கை எங்கே?

அமைச்சர் தொகை 30ஐ மீறலாகாதென 2015இல் 19ஆவது திருத்தம் வரம்பிட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் அவ்வரம்பை நீக்கிற்று. 2022இல் 21ஆவது திருத்தம் மீட்டது. 2024 நவம்பரில் சனாதிபதி நீங்கலாக 21 அமைச்சர் பதவியேற்றனர். கமத்தொழில், கால்நடை, காணி, நீர்ப்பாசனம் ஆகியன ஒரே அமைச்சின் கீழ் வந்தன. நன்று, வரவேற்போம். ஆனால், பெயர்ப்பலகைகள் ஒன்றானதால் கோப்புகள் ஒன்றாகிவிடா. அக்கமக்காரர் கடிதமும் தமிழாகிவிடாது.

பரிகாரத்துக்கு அடித்தளம் முன்னரே உண்டு. முகாமைத்துவ உதவியாளர், மொழிபெயர்ப்பாளர், சாரதிகள் முதலியோர் இணைந்த சேவைகளைச் சேர்ந்தவர்கள். அமைச்சுக்கு அமைச்சு இடமாற்றம் பெறுபவர்கள். சேவை இணைந்திருந்தும், ஆள் ஒரு கந்தோரின் மேசையோடு கட்டுண்டிருக்கிறார். அவர் விடுமுறையிற் சென்றால் அங்கே தமிழும் விடுமுறையிற் செல்கிறது!

ஆகவே நாம் கேட்பது இது: மொழிபெயர்ப்பாளரை ஒரு பொதுக் குழுவாக்குக, எல்லா அமைச்சுக்கும் அக்குழு பணிபுரிக. வரும் கடிதம் ஒவ்வொன்றும் தேதியுடன் பதியப்படுக. தவணை குறிக்கும் கடிதம் தமிழ்ப் பிரதியின்றி வெளிச்செல்லாதிருக்க. தமிழ்ப் பிரதி கிடைத்த நாளிலிருந்தே தவணை எண்ணப்படுக. தேங்கிய கடிதங்களின் கணக்கு மாதந்தோறும் பாராளுமன்றத்தில் வைக்கப்படுக.

"எல்லார்க்கும் பொதுவானது எவர்க்கும் பொறுப்பில்லாததாகுமே" என்பர் சிலர். இரணைமடுவைப் பாருங்கள். கமக்காரர் ஒவ்வொருவரும் தனிக்குளம் வெட்டவில்லை. போகம் தொடங்குமுன் கூடி, நீர்விடும் நாளையும் பயிரிடும் பரப்பையும் தீர்மானிக்கின்றனர். பொதுக்குளத்தைக் காப்பது முறையும் கணக்குமே. கமக்காரர் அறிந்த இந்நீதி அமைச்சின் செயலாளருக்கு விளங்காததா?

அன்பர்களே! சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடாக அனுப்புங்கள். எழுதத் தெரியாதவருக்குப் படித்தவர் எழுதிக் கொடுங்கள். முறைப்பாடில்லாத உரிமை உரிமையாகாது.