ஒரு கருவியா, இரண்டா? உடல் பருமனுக்கான எண்டோஸ்கோப்பி சிகிச்சை

(குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரி தம் மகனோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். பத்து வருடமாகச் சர்க்கரை நோய். எடை நூறு கிலோவைத் தாண்டிவிட்டது. வயிற்றில் பலூன் வைத்து, குடலிலும் ஒரு சிகிச்சை செய்துகொண்டால் எடையும் சர்க்கரையும் சேர்ந்து போய்விடும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். "நகையை அடகு வைக்கலாமா?" என்று கேட்டார். எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இன்று உங்கள் எல்லோர் முன்னும் வைக்கிறோம்.

முதலில் ஒன்று. உடல் பருமன் என்பது சோம்பேறித்தனம் அல்ல. அது ஒரு நோய். எடை குறைந்தால் பசியைக் கூட்டி, இழந்ததைத் திரும்பப் பெறவே உடல் முயலும். நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. ஆகவே யாரையும் கேலி செய்யாதீர்கள்.

இரைப்பை, குடல் என்று இரண்டு இடத்தில் ஏன் சிகிச்சை? இரைப்பையைச் சிறிதாக்கி, உணவைக் குடலின் மேல்பகுதியைத் தொடாமல் திருப்பிவிடும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. அதைச் செய்துகொண்ட பலருக்கு எடை குறையும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கியது. அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் வால்டர் போரிஸ் 1995இல் இதை விரிவாக எழுதினார். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில் இரைப்பைக்கும், சர்க்கரைக் கட்டுப்பாட்டில் முன்சிறுகுடலுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது அதிலிருந்து வலுப்பட்டது. வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியே எண்டோஸ்கோப்பி குழாயை விட்டு இந்த இரண்டையும் செய்ய முடியுமா என்பதுதான் இப்போதைய முயற்சி.

இரைப்பைக்கு இரண்டு வழிகள். ஒன்று பலூன். 400 முதல் 700 மில்லி உப்புநீர் நிரப்பி, வழக்கமாக ஆறு மாதம் வைத்து எடுப்பார்கள். சுமார் பத்தில் ஒரு பங்கு எடை குறையலாம். எடுத்தபின் பலருக்கு ஓரளவு திரும்பி வருகிறது. உப்புநீரில் நீலச் சாயம் கலப்பதும் உண்டு. பலூன் கசிந்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். அப்படிப் போனால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சுருங்கிய பலூன் குடலை அடைத்துவிடலாம். மற்றொன்று, இரைப்பையை உள்ளிருந்தே தைத்துச் சிறிதாக்குவது. 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், இப்படித் தைத்துக்கொண்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 13.6 சதவீத எடை குறைந்தது. அறுவை சிகிச்சையில் பொதுவாகக் கால் பங்கு வரை குறையும். ஆகவே நூறு கிலோவைத் தாண்டியவர்கள் அறுவை சிகிச்சை பற்றியும் கேட்டுவிட வேண்டும்.

குடலுக்கும் இரண்டு வழிகள். உணவு குடல் சுவரைத் தொடாதபடி சுமார் 60 சென்டிமீட்டர் நீள மெல்லிய உறையை உள்ளே மாட்டுவது ஒன்று. சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்ததால் இதன் அமெரிக்க ஆய்வு 2015இல் நிறுத்தப்பட்டது. முன்சிறுகுடலின் உட்படலத்தை வெந்நீர்ச் சூட்டால் நீக்கி, புதிதாக வளரவிடுவது மற்றொன்று. நெதர்லாந்தில் இன்சுலின் போட்டுவந்த 16 பேருக்கு இதைச் செய்து, லிராக்ளுடைட் ஊசியும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து 11 பேர் இன்சுலின் இல்லாமல் சமாளித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் 16 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை.

சேர்த்துச் செய்வதன் கணக்கு இதுதான்: ஒன்று எடையைப் பார்த்துக்கொள்ளும், மற்றொன்று சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பலன் இரண்டு சேரும்போது பக்கவிளைவும் இரண்டு சேரும், செலவும் சேரும். இரைப்பைக் கருவியையும் குடல் சிகிச்சையையும் சேர்ப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஆய்வில் இருப்பதை முடிந்த சிகிச்சை போல் விற்றால் நாம் ஏமாறக் கூடாது.

பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. இது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்கே? நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?
2. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வீர்களா? முதலாவதன் பலனைப் பார்த்தபின் இரண்டாவதை முடிவு செய்யலாமா?
3. கருவியை எடுத்தபின் எடை திரும்பாமலிருக்க யார் கவனிப்பார்கள்?
4. இரவில் வாந்தி நிற்காவிட்டால் யாரை அழைப்பது?

ரமலானையும் மனதில் வையுங்கள். பலூன் வைத்த முதல் நாட்களில் குமட்டலும் வாந்தியும் சகஜம். உடலில் நீர் வற்றும். சாப்பாடு குறையும்போது பழைய அளவில் இன்சுலினோ மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக வீட்டாருக்கு. கருவி கொடுப்பது கொஞ்ச கால அவகாசம்தான். ஒரே சஹனில் பிரியாணியை வைத்துவிட்டு, "நீ மட்டும் குறைச்சுச் சாப்பிடு உம்மா" என்றால் அவர் என்ன செய்வார்? அவருக்குத் தனித் தட்டு, எல்லோருக்கும் கூடுதல் காய்கறி, மாலையில் கூடவே நடக்க ஒரு துணை. இவற்றுக்கு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

அந்தச் சகோதரியிடம் இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். வேறொரு மருத்துவரிடமும் காட்டச் சொன்னோம். முடிவு அவருடையது. தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். நம் எல்லோருக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.